அவசரமே இல்லாத ஐந்து மைல்

மாமியாரைக் கடல்நீரை வைத்துத் தடுத்துவிடுவது என்று நைஜல் தீர்மானித்தது ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கும்போது.

பெரிய தீர்மானங்களை அவன் பல் துலக்கும்போதுதான் எடுப்பான். வாய் நிறைய நுரை இருக்கும். மனைவி லொவென்னா குறுக்கே ஏதாவது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் அவன் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த நேரம் அந்த மூன்று நிமிடம்தான்.

அவர்கள் இருந்தது ட்ரெவார்டனில். மாமியார் திருமதி பென்ஹாலோ கெல்லன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். காலமான படகுக்காரரின் மனைவி. ஆறு கடலில் விழுகிற இடத்திலேயே பெரிய வீடு. ஈஸ்டர் விருந்தன்று, ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே குண்டைப் போட்டாள்.

"மாடி சும்மாதான கிடக்கு. மூணு பேரும் வந்து இருங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன். மே மாசம் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள நேர்ல வந்து சரின்னு சொல்லணும். இல்லன்னா கோடைக்கு வர்ற எறும்புங்களுக்கு வாடகைக்கு விட்டுருவேன். ஃபோன்ல எல்லாம் சொல்லக் கூடாது ராசா. ஃபோன்ல சொன்னது சொன்னதாவே கணக்கு இல்ல."

கார்ன்வால் கடற்கரையில் வெளியூர்க்காரர்களுக்கு எறும்பு என்று பெயர். நைஜல் லெஸ்டரில் பிறந்தவன். இங்கிலாந்தில் அதைவிடக் கடலுக்குத் தொலைவாக ஓர் ஊரில் பிறப்பது கடினம். கார்ன்வாலுக்கு வந்து, கார்ன்வால்காரியைக் கட்டி, கார்ன்வால் பிள்ளைகளுக்கே பூகோளம் கற்பித்தாலும் மாமியார் கணக்கில் அவனும் எறும்புதான். "கொஞ்சம் பெரிய சைஸ் எறும்பு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவன் பங்குக்கு, மூன்று வருடத்துக்குப் பிறகும் அவளைத் 'திருமதி பென்ஹாலோ' என்றுதான் கூப்பிட்டான்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பாசக்காரி. தபால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லோரும் ராசாதான். நைஜல் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவாள். அவன் டீயில் சர்க்கரை கரைந்துவிட்டதா என்று தன் ஸ்பூனால் கலக்கிப் பார்ப்பாள். அவன் பின்னறையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாறைத் துண்டுகளைப் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருந்தான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தாள். "உள்ளூர்க் கல்லு இவ்வளவு அழுக்கா இருந்தா எங்களுக்குத்தான கேவலம் ராசா" என்றாள். பெயர்ச்சீட்டுகள் எல்லாம் சாக்கடையோடு போய், அன்றிலிருந்து எந்தக் கல் எந்தக் கல் என்று நைஜலுக்கே தெரியாது.

அந்த வீட்டு மாடியில், ஆயுள் முழுக்க.

இந்த நிலையில்தான் வியாழன் காலை டீக் கோப்பைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. கடலோர நெடும்பாதைக்காரர்கள் போட்டது. 'ட்ரெவார்டனிலிருந்து கெல்லன் ஆறு வரை. ஐந்து மைல். சுலபமான ஒரு நாள் நடை. குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம்.' கீழே சிவப்பு எழுத்தில்: 'கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மட்டுமே ஆற்றை நடந்து கடக்கலாம். மற்ற நேரத்தில் உயிருக்கு ஆபத்து.'

நைஜல் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு பல் துலக்கப் போனான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்து, "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைப் பாக்க நடந்தே போகலாமா?" என்றான்.

லொவென்னா குழந்தைக்கு ஆப்பிள் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். "நடந்தா? நீயா?"

"ரோட்டுல போனா சுத்துவழி, பதினாலு மைல். கடலோரமா அஞ்சு மைல்தான். ஜோவனுக்குக் கடல்காத்து நல்லது. அக்கரைக்குப் போய் அவங்ககிட்ட நேர்ல பேசிடலாம்."

"எவ்வளவு நல்ல யோசனை! உனக்கே தோணிச்சா?"

"எனக்கேதான்" என்றான் நைஜல் பெருமையாக.

திட்டம் எளிமையானது. பத்து நிமிடம் தாமதமாக ஆற்றங்கரைக்குப் போவது. 'அடடா, தண்ணி ஏறிடுச்சே!' என்று தலையில் கை வைப்பது. திரும்பி வருவது. அதுதான் மே மாதக் கடைசி ஞாயிறு; கெடு முடிந்துவிடும், மாடி எறும்புகளுக்குப் போய்விடும். பழி எல்லாம் நிலாவுக்கு.

சமையலறை இழுப்பறையிலிருந்து கடல் ஏற்ற வற்ற நேரப் புத்தகத்தை எடுத்தான். துறைமுகத்துக் கடையில் வருடா வருடம் விற்கிற சின்னப் புத்தகம். முதல் நாலு பக்கம் இல்லை. முதல் பல் முளைத்த வாரம் ஜோவன் அவற்றைத் தின்றிருந்தான். பரவாயில்லை, மே மாதம் முழுசாக இருந்தது. ஞாயிறு, முழு வற்றம், பன்னிரண்டு நாற்பது. ஒன்று நாற்பதோடு வழி அடைபடும். ஒன்று ஐம்பதுக்குப் போனால் கச்சிதம். பென்சிலால் வட்டம் போட்டான். யாராவது பார்த்தால் என்று பயந்து அழித்தான். பார்க்காவிட்டாலும் தெரியும்படி அழித்தான்.

ஞாயிறு காலை பத்தரைக்குப் புறப்பட்டார்கள். ஜோவன் அப்பா முதுகில் துணித்தூளியில். தெருமுனையில் மீன் விற்கிற டென்ஸில் காலி வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். தொப்பியைத் தூக்கினான்.

"நடக்கவா? நல்லா ஆற அமரப் போயிட்டு வாங்க சார். சீக்கிரமா வந்துடாதீங்க."

நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டான் நைஜல்.

முதல் மைலில் காலணிக் கயிற்றை மூன்று முறை கட்டினான். இரண்டாம் மைலில் ஓக் கொட்டைப் படம் போட்ட வழிகாட்டிக் கட்டை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, 'கடலோரப் பாதை' என்ற இரண்டே சொல்லைத் தத்துவம் படிக்கிற மாதிரி படித்தான். பாறை இடுக்கில் பூத்திருந்த இளஞ்சிவப்புப் பூவுக்கு லத்தீன் பெயர் சொன்னான். அது தப்பு என்று தோன்றி வேறு பெயர் சொன்னான்.

"உன் காலணிக்கு என்ன, வலிப்பா?" என்றாள் லொவென்னா, நாலாம் முறை குனிந்தபோது.

"அவசரமே இல்ல. மெதுவா போகலாம்."

"எனக்கும் அவசரம் இல்ல. வற்றம் எத்தனை மணிக்கு? நல்லா பாத்தியா?"

"லொவென்னா, நான் பூகோள வாத்தியார்."

"அதான் கேட்டேன்."

"எல்லாம் பாத்தாச்சு. நீ என்கிட்ட விட்டுடு."

"விட்டாச்சு" என்றாள். சாவகாசமாகப் புல்லில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். இருபது நிமிடம். பிறகு தோளில் போட்டுத் தட்டினாள். பத்து நிமிடம். நைஜல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இவள் படகுக்காரர் மகள். கடிகாரம் பார்க்கத் தெரியும் முன்னமே தண்ணீரைப் பார்த்து மணி சொன்னவள். இவளுக்கு ஏன் அவசரம் இல்லை? திருடப் போன வீட்டில் வீட்டுக்காரனே ஏணி பிடித்துக் கொடுத்தால் திருடனுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மூன்றாம் மைலில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. பேஸ்ட்டியை எடுத்தான். அக்கரையில் சாப்பிடும் பேச்சே வேண்டாம் என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தது, மாவுக்குள் மாட்டுக்கறி வைத்துச் சுட்ட பேஸ்ட்டி. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலின் நிறத்தைப் பற்றிப் பேசினான். கடற்புறா ஒன்று வந்தது, கொண்டு போனது.

"ஐயோ! என் பேஸ்ட்டி!"

அதற்குக் கால் மணி நேரம் துக்கம் அனுசரித்தான். கடற்புறா பாறைமேல் உட்கார்ந்து தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தான்.

மறுபடி நடந்தார்கள். பாதை குறுகலாக இருந்தது. கீழே அலை. லொவென்னா ஒரு கையால் அவன் முதுகுத் தூளியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"நைஜல். நீ காலைல எட்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டுப் போறே. அப்புறம் அஞ்சு மணி வரைக்கும் அந்த வீட்டுல பேசத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான், தெரியுமா?"

"ஜோவன் ப்பா-ன்னு சொல்றானே."

"அவன் தூங்கினா மூக்குக்குக் கீழ விரலை வெச்சுப் பாக்கறேன். மூச்சு படலன்னா எழுப்பிடறேன். எழுந்து அழறான். அழுதா எனக்கு நிம்மதியா இருக்கு. மறுபடி தூங்க வெக்கறேன். மறுபடி விரலை வெக்கறேன். அன்னைக்கு ஒருநாள் அஞ்சு தடவை இருமினான். அஞ்சு அதிகமா, கம்மியான்னு கேக்க ஆள் இல்ல. டென்ஸில்கிட்ட ஓடிப்போய்க் கேட்டேன். அவன் மீன் வெட்டிக்கிட்டு இருந்தான். மீன் இருமாதும்மா, எனக்கெப்படித் தெரியும்ங்கறான்."

நைஜலுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் ஜோவன் அவன் காதைப் பிடித்து இழுத்தான். திடீரென்று அவன் வேகமாக நடக்க ஆரம்பித்தான். போய்விடலாம், சரி என்று சொல்லிவிடலாம், மாடிக்கே போய்விடலாம். ஆற்றைப் பிடித்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. இருநூறு அடி அப்படி நடந்தான். பிறகு குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் மனதில் கேட்டது. குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தான். கட்டினான்.

ஒன்று ஐம்பதுக்குக் கெல்லன் ஆற்றங்கரை. ஒரு நிமிடம் கூடவோ குறையவோ இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் போட்ட திட்டம் ஒன்று நிமிட சுத்தமாக நடந்திருந்தது.

ஆறு மணல்மேல் அகலமாகப் பரந்து மினுமினுத்தது. கரையில் சிவப்புப் பலகை. அக்கரையில், கூப்பிடு தூரத்தில், தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் ஓர் உருவம்.

"அடடா!" என்று தலையில் கை வைத்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் மூன்று தடவை ஒத்திகை பார்த்த அடடா. "மணி ஒன்னு அம்பது! வழி அடைஞ்சு பத்து நிமிஷம் ஆச்சே! எல்லாம் அந்தக் கடற்புறாவால வந்தது. சரி, என்ன பண்றது, திரும்ப வேண்டியதுதான்."

"குழந்தைய இப்படிக் குடு" என்றாள் லொவென்னா. தூளியை வாங்கி ஜோவனை மார்போடு கட்டிக்கொண்டாள். காலணியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினாள். பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். ஆற்றில் இறங்கிவிட்டாள்.

நைஜல் தலையிலிருந்து கையை எடுத்தான்.

ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிமேல்தான் வேகம். இதைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வருடா வருடம் ஏழாம் வகுப்புக்குச் சொல்லித் தருகிறவன் அவன். தண்ணீர் ஏறுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தான். அந்தக் கல் இப்போது தெரிந்தது, இப்போது காணோம். (அது கல் இல்லை, நண்டு. நடந்து போய்விட்டது.)

"லொவென்னா! நில்லு! தண்ணி ஏறுது!"

"எங்க ஏறுது? கணுக்கால்தான் நனையுது." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு மணி நேரமா ஏறுது! எனக்குத் தெரியும்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான்... லொவென்னா, குழந்தை இருக்கான்! திரும்பி வா!"

அவள் இன்னும் பத்தடி வைத்தாள். தண்ணீர் கெண்டைக்கால் சதைக்கு வந்தது. ஜோவன் அம்மா தோளுக்கு மேலிருந்து அப்பாவைப் பார்த்துக் கையாட்டினான். அந்தக் குட்டிக் கையைப் பார்த்ததும் நைஜலுக்கு எல்லாம் கழன்றுவிட்டது. காலணியோடு ஆற்றில் குதித்தான்.

"நான்தான் லேட்டா கூட்டிட்டு வந்தேன்! வேணும்னே!"

"என்ன சொன்ன? காத்துல கேக்கல."

"வேணும்னே கூட்டிட்டு வந்தேன்! வழி அடைஞ்சப்புறம் வரணும்னு! உங்கம்மா வீட்டு மாடிக்குப் போகக் கூடாதுன்னு! காலணிக் கயிறு நல்லாத்தான் இருந்துச்சு! பூவுக்குப் பேரு எனக்குத் தெரியவே தெரியாது!" மூச்சு வாங்கியது. "பேஸ்ட்டியக்கூட நானேதான் தூக்கிக் காட்டினேன்! நில்லு லொவென்னா, கடவுளே, நில்லு!"

நீர்மேல் சத்தம் தெளிவாகப் போகும். அக்கரை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கு நல்லா கேக்குது ராசா!"

லொவென்னா நின்றாள். திரும்பினாள். நைஜல் தட்டுத் தடுமாறி வந்து அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஜோவன் அவன் மூக்கைப் பிடித்தான்.

"நைஜல், கீழ பாரு. தண்ணி ஓடுதா?"

பார்த்தான். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. குளம் மாதிரி கிடந்தது.

"முழு வற்றம். இன்னும் முக்கால் மணி நேரம் ஜோவன்கூடத் தவழ்ந்தே கடக்கலாம்."

"பன்னெண்டு நாப்பதுன்னு புத்தகத்துல..."

"புத்தகத்துல இருக்கறது குளிர்கால மணி. மார்ச்சுல எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சோம்ல? நிலா தள்ளி வெக்கல. கோடையில ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். இந்தக் கரையில அஞ்சாவது படிக்கிற புள்ளைக்குத் தெரியும். புத்தகத்துலயே முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"முதல் பக்கமா?"

இருவரும் ஜோவனைப் பார்த்தார்கள். ஜோவன் ஏப்பம் விட்டான்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரியுமா? நான் வட்டம் போட்டது?"

"வட்டம் போட்டதும் தெரியும். அழிச்சதும் தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலியே நீ! மடத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, இப்படியா ஏமாத்துவே?"

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சிஸ்டருங்க சொல்லிக் குடுத்தாங்க. கேக்காததையும் சொல்லணும்னு யாரும் சொல்லல." பிறகு குரல் இறங்கியது. "நைஜல், இப்ப ரெண்டு நிமிஷம் உனக்கு நெஞ்சு எப்படி அடிச்சுக்கிச்சு?"

அவன் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான்.

"அதான் எனக்கு. எட்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்."

நைஜல் தண்ணீரைப் பார்த்தான். நனைந்த காலணியைப் பார்த்தான். குழந்தையின் மூக்குக்குக் கீழே, தன்னையறியாமல், ஒரு விரலை வைத்துப் பார்த்தான். இதமாக மூச்சு பட்டது.

"சரி. மாடிக்கே போயிடலாம்" என்றான். பல் துலக்காமல் அவன் எடுத்த முதல் பெரிய முடிவு அது. மனதாரத்தான் சொன்னான்.

சலசலவென்று சத்தம் கேட்டது. திருமதி பென்ஹாலோ பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் கூடையும் ஒரு கையில் குடையுமாக, ஆற்றை உழுதுகொண்டு வந்து சேர்ந்தாள்.

"மாடியா? மாடி போச்சே ராசா! நீ இழுத்தடிப்பேன்னு எனக்கு ஈஸ்டர் அன்னைக்கே தெரியும். லண்டன்லேருந்து ஏழு எறும்பு வருது, மாடி பத்தாதாம், வீடு மொத்தமும் வேணுமாம். குடுத்துட்டேன். மூணு மணிக்கு வந்துருவாங்க. உன் சார்பாவும் சேத்து இவ வரச் சொன்னா, வந்துட்டேன்."

"நான் எங்க..." என்றான் நைஜல். "எங்க வந்துட்டீங்க, திருமதி பென்ஹாலோ?"

"உங்க வீட்டுக்குத்தான். டென்ஸில் காலைல வண்டிய எடுத்துட்டு வந்தான். பொட்டி, தையல் மெஷின், கோழிக்கூண்டு எல்லாம் ஏத்தியாச்சு. கோழிங்க ஏறினதுல எனக்கு இடமில்லாம போச்சு. அதான் நடந்தே வரேன்."

நைஜல் மனைவியைப் பார்த்தான். டீக் கோப்பைக்கு அடியில் கிடந்த துண்டுத்தாள் கண்முன் வந்தது. அதை அங்கே யார் வைத்தது என்று மூன்று நாளாக அவன் யோசிக்கவே இல்லை.

"டென்ஸில் இந்நேரம் பின்னறையில கட்டில் போட்டிருப்பான்" என்றாள் லொவென்னா மென்மையாக. "உன் கல்லெல்லாம் பத்திரமா இருக்கு. ரோஜாச் செடியைச் சுத்தி டென்ஸில் வரிசையா பதிச்சிருப்பான்."

தனி வாசல் வைத்த மாடி. மூன்று அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்ட குளியலறை. ஈஸ்டர் அன்றே ஒரு சரி சொல்லியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். இப்போது நினைத்துப் பார்க்கையில் அது சொர்க்கமாகத் தெரிந்தது.

மாமியார் கூடையை அவன் கையில் கொடுத்தாள். உள்ளே மிஞ்சிப்போன ஒரு கோழி அவனை முறைத்தது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ட்ரெவார்டன் பக்கம் அவனைத் திருப்பினாள். அவன் இரண்டு எட்டு வேகமாக வைத்தான்.

"மெதுவா ராசா, மெதுவா" என்றாள். "அவசரமே இல்ல. செப்டம்பர் வரைக்கும் நேரம் இருக்கு."